பாய்க்கப்பலில் ஒரு வாரம்: புதிதாகப் போகிறவருக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி இதுதான்: "கடல் அனுபவம் எதுவும் இல்லை. வயது 40-ஐ நெருங்குகிறது. பழைய முறைப் பாய்க்கப்பலில் ஒரு வாரம் மாலுமிகளோடு சேர்ந்து வேலை செய்தபடி பயணம் போக ஆசை. ஆனால் உயரம் என்றால் பயம், உடம்பில் பெரிய பலமும் கிடையாது. அங்கே போய் மற்றவர்களுக்குப் பாரமாக இருந்துவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது. உண்மையில் அங்கே என்னதான் நடக்கும்?"

போய் வாருங்கள். பாரமாக இருக்க மாட்டீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2011 செப்டம்பரில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து 'லார்ட் நெல்சன்' என்ற கப்பலில் ஒரு வாரம் போனேன். அந்தக் கப்பலில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். என் தயக்கமும் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது. அது எப்போது போனது என்பதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்டோபர் ரட் என்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், உடல் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் படகில் அழைத்துப்போகும் பழக்கம் உள்ளவர். அந்தப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க உட்கார வைக்காமல், கப்பலை ஓட்டுகிறவர்களாகவே ஆக்க முடியாதா என்று அவர் யோசித்ததிலிருந்து 1978-ல் ஜூபிலி செய்லிங் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பிறந்தது. அவர்கள் கட்டிய முதல் கப்பல்தான் லார்ட் நெல்சன். மூன்று பாய்மரம், ஏறக்குறைய 55 மீட்டர் நீளம். 1986-ல் முதல் பயணம். வரைந்தவர் காலின் மூடி என்ற கப்பல் வடிவமைப்பாளர். நம் கடற்படையின் 'தரங்கிணி' பயிற்சிக் கப்பலை வரைந்தவரும் அவரேதான். அது கோவா ஷிப்யார்டில் கட்டப்பட்டு 1997-ல் கடற்படையில் சேர்ந்தது, 2003-04-ல் உலகத்தையே சுற்றி வந்தது. இரண்டு கப்பல்களின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா தங்கை என்று தெரிந்துவிடும்.

பெயரையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் ஒரு கையை இழந்தவர், ஒரு கண்ணில் பார்வையை இழந்தவர். அதற்குப் பிறகும் கடற்படையை நடத்தியவர்.

கப்பலில் நிரந்தர மாலுமிகள் ஒரு சிலர்தான். மற்றபடி எங்களைப் போல ஒரு வாரத்துக்கு வந்தவர்கள் 40 பேர் வரை. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு உடல் குறைபாடு இருக்கும்: சக்கர நாற்காலி, பார்வையின்மை, காது கேளாமை, பக்கவாதத்துக்குப் பிறகு தேறிக்கொண்டிருப்பவர்கள். தளத்துக்குத் தளம் லிஃப்ட் உண்டு. கப்பலின் மூக்கிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரம் வரைக்கும் சக்கர நாற்காலி போகிற அகலத்தில் பாதை போட்டிருந்தார்கள். காது கேளாதவர்களை ஆபத்து நேரத்தில் எழுப்ப, அதிர்ந்து எழுப்பும் கருவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் துணையாக இன்னொருவரை ஜோடி சேர்த்திருந்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் வேல்ஸிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, 60 வயதுக்கு மேல், இரண்டு கண்ணும் தெரியாது. அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் நாள் கடலுக்கே போகவில்லை. கையெழுத்து, மருந்து விவரம், மழை அங்கி, ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார்) எல்லாம் முடிந்தபின் உயிர்காப்பு அங்கி போட்டு இரண்டு முறை ஒத்திகை. ஆபத்து மணி அடித்தால் யார் எங்கே நிற்க வேண்டும், சக்கர நாற்காலிக்காரரை எந்த நான்கு பேர் மேலே கொண்டுவர வேண்டும் என்று பெயர் பெயராகச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த ஒத்திகையைச் சலிப்பாக நினைக்காதீர்கள். அந்த மணி நேரத்துக்குள் 40 அந்நியர்கள் ஒருவர் பெயரை ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் கப்பல் கரையில் கட்டியிருக்கும்போதே பாய்மரம் ஏறச் சொன்னார்கள். உங்களுக்குப் பயம் இங்கேதான் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பாய்மரத்தின் இரண்டு பக்கமும் கீழிருந்து மேலே குறுகிப் போகும் தடித்த கம்பிக் கயிறுகள் இருக்கும். அவை மரத்தைத் தாங்குபவை. அவற்றுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரிக் கட்டியிருப்பார்கள். கை எப்போதும் செங்குத்தாகப் போகும் கயிற்றில்தான் இருக்க வேண்டும், குறுக்குப் படியைப் பிடிக்கக் கூடாது. படி அறுந்தால் கால் ஒன்றுதான் தொங்கும், கை தப்பும். இரண்டு கை இரண்டு கால் என்று நான்கில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க வேண்டும். கடலில் போகும்போது காற்று வரும் பக்கத்தில்தான் ஏற வேண்டும், காற்றே உங்களை ஏணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

முதல் மேடை வரைக்கும் கஷ்டமில்லை. மேடைக்குக் கீழே ஒரு ஆள் நீளத்துக்கு ஏணி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்த இடத்தில் முதுகு கீழே பார்க்க, பின்னால் தொங்கியபடி ஏற வேண்டும். ஹார்னஸின் கொக்கியை அங்கே மாட்டிவிடுவார்கள், விழ மாட்டோம் என்று புத்திக்குத் தெரியும், ஆனாலும் கால் ஆடும். நான் முதல் நாள் அந்த இடத்தில் நின்றேன், கொஞ்ச நேரம் நின்றேன், இறங்கிவிட்டேன். பக்கத்தில் ஏறிவந்த போசன், அதாவது பாய்க்கும் கயிற்றுக்கும் பொறுப்பான மாலுமி, "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான். யாரும் தட்டிக்கொடுக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. மேலே ஏறுவது அந்தக் கப்பலில் கட்டாயமில்லை. மேலே ஏறாமலே ஒரு வாரம் முழுக்க நிறைவாக வேலை செய்துவிட்டு இறங்குகிறவர்கள் பலர், ஏனென்றால் பாய்க்கப்பலில் முக்கால்வாசி வேலை தளத்தில்தான் நடக்கிறது. மூன்றாம் நாள் நான் மேடையைத் தாண்டி, பாய் கட்டியிருக்கும் குறுக்குமரம் வரை போனேன். தைரியம் வந்ததால் போகவில்லை. பாய் சுருட்ட அந்தப் பக்கம் ஒரு ஆள் குறைந்தது.

குறுக்குமரத்துக்குக் கீழே ஒரு கால்கயிறு தொங்கும். வயிற்றை மரத்தில் சாய்த்து, அந்தக் கயிற்றில் நின்றுதான் பாயைச் சுருட்ட வேண்டும். கயிற்றில் கால் வைக்கும் முன் "ஸ்டெப்பிங் ஆன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே அதில் நிற்பவர்களின் காலுக்குக் கீழே கயிறு சட்டென்று இறுகித் துள்ளும் என்பதால் அந்த எச்சரிக்கை. இறங்கும்போதும் சொல்ல வேண்டும். செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்வது கப்பல் முழுவதும் உள்ள பழக்கம். கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இதுதான் சிரமம்.

அடுத்தது கயிறு. தளத்தின் ஓரமெங்கும் முளை முளையாகக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு சுற்றி, சுருள் மாட்டியிருக்கும். நூற்றுக்கு மேல் இருக்கும். பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் அவற்றுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது, அது பிடிபட்டால் போதும். சதுரப் பாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விளிம்பு குறுக்குமரத்தில் கட்டியிருக்கிறது. கீழ் மூலைகள் இரண்டையும் கீழே இழுத்துப் பாயை விரிக்கும் கயிறு ஷீட். அதே மூலைகளை மேலே தூக்கும் கயிறு கிளூலைன். பாயின் அடி விளிம்பை மேலே அள்ளும் கயிறு பண்ட்லைன். குறுக்குமரத்தையே இடமும் வலமும் திருப்புவது பிரேஸ். பாயை விரிக்க வேண்டுமானால் கிளூலைனையும் பண்ட்லைனையும் விட்டுக்கொடுத்து ஷீட்டை இழுக்க வேண்டும். சுருட்ட வேண்டுமானால் அப்படியே மாற்றி. ஒவ்வொரு பாய்க்கும் இதே கதைதான், இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் அதே வரிசையில் இருக்கும். இருட்டில் தடவியே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். என் ஜோடி அம்மையாருக்கு இரண்டாம் நாள் மாலைக்குள் முன்மரத்தின் கயிறுகள் அத்தனையும் மனப்பாடம். முளைகளை விரலால் எண்ணிக்கொண்டே நடப்பார். எனக்கு நான்காம் நாள் வரை ஆனது, நான் கண்ணை நம்பிக்கொண்டிருந்தேன்.

பலம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு கயிற்றைத் தனியாக யாரும் இழுப்பதில்லை. ஆறு பேர், எட்டு பேர் வரிசையாகப் பிடிப்பார்கள். ஒருவர் "டூ... சிக்ஸ்..." என்று குரல் கொடுக்க, எல்லோரும் "ஹீவ்!" என்று ஒரே மூச்சில் இழுப்பார்கள். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களின் ஏலேலோ ஐலசாவுக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறதோ அதே கணக்கு: ஒரே கணத்தில் சேர்கிற எட்டுச் சாதாரணக் கைகள், தனித்தனியாக இழுக்கிற நான்கு பயில்வான்களைவிட அதிகம் செய்யும். சக்கர நாற்காலியில் இருந்தவர் பிரேக் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் அமர்வார். நாங்கள் இழுத்துக்கொடுக்கும் கயிறு நழுவாமல் முளையில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. அந்த இடத்தில் கவனம் தவறினால் எட்டுப் பேர் உழைப்பும் போச்சு. எவரும் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்வார்கள். பாயில் காற்று அடைந்தால் கயிறு உங்களையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இரண்டாம் நாள் சொலென்ட் நீரிணையைத் தாண்டி, நீடில்ஸ் பாறைகளைக் கடந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் வந்தோம். கெர்ன்சி தீவுக்குப் போக வேண்டும், அது தென்மேற்கில் இருக்கிறது. காற்றும் தென்மேற்கிலிருந்தே வந்தது. இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சதுரப் பாய்க் கப்பலால் காற்றுக்கு எதிராக நேராகப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 60 டிகிரி விலகித்தான் போக முடியும். அப்படி இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் போனால் ஒரு வாரப் பயணம் இரண்டு வாரம் ஆகிவிடும். அதனால் அன்று முழுவதும் இன்ஜின்தான் ஓடியது, ஆட்டத்தைக் குறைக்க நடுவில் இரண்டு மூன்று முக்கோணப் பாய் மட்டும். படத்தில் பார்ப்பதுபோல எல்லாப் பாயும் விரிந்து போகும் நேரம் ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வாய்த்தால் நல்ல வாரம். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

அன்று பாதிக் கப்பல் வாந்தி எடுத்தது, நானும்தான். கடல் மயக்கம் பலவீனத்தின் அடையாளம் கிடையாது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறது என்கிறது, அறைக்குள் இருக்கும் கண் எதுவும் ஆடவில்லை என்கிறது, மூளை குழம்புகிறது. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, மயக்கம் வருவதற்கு முன்பே, புறப்படும் முன்பே போட வேண்டும். வந்தபின் போட்டால் உள்ளே தங்காது. கீழ்த்தளத்தில் படுத்துக் கிடக்காமல் மேலே வந்து அடிவானத்தைப் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. வெறும் வயிறு மோசம், காய்ந்த பிஸ்கட், இஞ்சி ஏதாவது போட்டுக்கொண்டே இருங்கள். எடுக்க வருகிறதென்றால் காற்று போகிற பக்கத்துக் கைப்பிடியில் ஹார்னஸை மாட்டிக்கொண்டு எடுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து சுக்கான் சக்கரம். கையில் சக்கரத்தைக் கொடுத்து, கண்ணை அடிவானத்தில் வைக்கச் சொன்னால், கால் மணி நேரத்தில் பலருக்குத் தெளிந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் தெளிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை இரண்டு நாளில் உடம்பு பழகிவிடும்.

இனி வாட்ச், அதாவது குழு குழுவாக முறை வைத்துக் கப்பலைக் கவனிக்கும் நேரம். கப்பல் வாழ்க்கையின் முதுகெலும்பு இதுதான். 40 பேரை நான்கு குழுவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு நாள் ஏழு பங்காகிறது: நான்கு மணி நேரப் பங்குகள் ஐந்து, மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டு இரண்டு மணியாக உடைத்து இரண்டு பங்கு. அந்தச் சின்னப் பங்குகளுக்கு 'டாக் வாட்ச்' என்று பெயர். ஏன் உடைக்க வேண்டும்? ஆறு பங்காகவே இருந்தால், இரண்டு அல்லது மூன்று குழு உள்ள கப்பலில் கணக்கு சரியாக வகுபட்டு, ஒரே குழு தினமும் நள்ளிரவில் மாட்டிக்கொள்ளும். ஏழு என்றால் வகுபடாது, முறை தானாக நகரும். யாருக்கும் அநியாயம் நடக்காமல் இருக்க ஒரு நாளையே இப்படி உடைத்த அந்தப் பழைய மாலுமிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

அரை மணிக்கு ஒரு மணியோசை கூடிக்கொண்டே போய், எட்டு அடித்தால் வாட்ச் முடிந்தது என்பது பழைய முறை. கப்பல் மணி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நியூசிலாந்தில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டில் மாவோரி மக்களிடம் ஒரு வெண்கல மணியைப் பார்த்தார். அவர்கள் அதைக் கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் தமிழ் எழுத்து: மொகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று. அது எப்படி அங்கே போனது என்பது இன்றும் புதிர்தான். இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மவர்கள் வாட்ச் மாற அடித்த மணி அது. சவுத்தாம்ப்டன் கப்பலில் முதல் தடவை மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வாட்சில் என்ன செய்வோம்? ஒருவர் சுக்கான், இருவர் முன்னால் நின்று கடலைப் பார்ப்பது, ஒருவர் மணிக்கொரு முறை காற்று, காற்றழுத்தம், இடம், வேகம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது, மீதிப் பேர் பாய் திருத்தக் கூப்பிட்டால் ஓடுவது. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ மாறிக்கொள்வோம்.

இரவில் கடலைப் பார்ப்பது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. கப்பல்களுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, இன்ஜினில் ஓடும் கப்பலுக்கு மரத்தின் மேலே வெள்ளையும் உண்டு. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம், அது நம் பார்வைக்கு வலமிருந்து இடமாகப் போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நம்மை நோக்கி வருகிறது. ஆங்கிலக் கால்வாய் உலகிலேயே நெரிசல் மிகுந்த கடல் வழிகளில் ஒன்று, அதை நாங்கள் குறுக்கே கடந்தோம். ஒரு விளக்கைப் பார்த்தால் அது மீன் படகா, கரையோர விளக்கா, நட்சத்திரமா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. பார்த்ததைச் சொன்னால் போதும், தீர்மானிப்பது மேட், அதாவது அந்த வாட்சுக்குப் பொறுப்பான கப்பல் அதிகாரி. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்வதுதான் புதியவர் செய்யும் பெரிய பிழை. உதிக்கிற நிலவைக் கப்பல் விளக்கு என்று சொன்னவருக்கும் எங்கள் மேட் நன்றி சொல்லித்தான் பதில் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் இரவு. கெர்ன்சியின் செயின்ட் பீட்டர் போர்ட்டை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். போகும்போது எதிராக இருந்த காற்று இப்போது பின்னால் இருந்து தள்ளியது. சாயங்காலமே இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். இன்ஜின் நின்றதும் வரும் அமைதியைப் பற்றிப் பலரும் சொல்வார்கள், ஆனால் அது அமைதி கிடையாது. மரம் முனகும், கயிறு உராயும், பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் விடாது கேட்கும். ஒரு வீடு தூக்கத்தில் புரண்டு படுப்பது மாதிரி.

நள்ளிரவு முதல் நான்கு மணி வரை எங்கள் வாட்ச். சுக்கான் முதலில் என்னிடம். "0-3-0" என்றார் மேட், அதாவது 30 டிகிரி திசையில் போக வேண்டும், நானும் "0-3-0" என்று திருப்பிச் சொல்லி ஏற்றுக்கொண்டேன். திசைகாட்டியின் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் 34-க்குப் போனதும் சக்கரத்தைச் சுற்றினேன். பெரிய கப்பல் உடனே திரும்பாது. திரும்பவில்லையே என்று இன்னும் சுற்றினேன். அது திரும்ப ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை, 22-க்குப் போய்விட்டது. அப்புறம் அந்தப் பக்கம். கப்பலுக்குப் பின்னால் வெளிறிய நுரைத்தடம் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது.

அரை மணி கழித்து என் ஜோடி அம்மையார் வாங்கிக்கொண்டார். அந்தக் கப்பலில் திசையைக் குரலில் சொல்லும் கருவி உண்டு. பார்வை இல்லாதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே சுக்கான் பிடிப்பார்கள். அவர் முதல் சில நிமிடங்கள்தான் அதைக் கேட்டார். அப்புறம் தலையைக் கொஞ்சம் திருப்பி, இடது காதுக்குப் பின்னால் காற்று படும்படி நின்றார். கப்பல் விலகத் தொடங்கியதும் காற்று படும் இடம் மாறுகிறது, அது எண் மாறுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது என்றார். சக்கரத்தை ஒரு கைப்பிடி அளவுக்கு மேல் அவர் திருப்பவே இல்லை. கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, கப்பல் கிளம்பியதும் உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பின்னால் போய்ப் பார்த்தேன். தடம் கோடு போட்ட மாதிரி இருந்தது.

மேட் அவரிடம், "இவருக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்றார். மீதி நேரம் அவர் என் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சுக்கான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். எண்ணை அவ்வப்போது மேட் சொன்னார். மூன்றரை மணி வாக்கில் எனக்கு அது பிடிபட்டது. பாரமாக இருந்துவிடுவோமோ என்ற கவலை அதற்குப்பின் எனக்குத் திரும்பி வரவில்லை. யார் யாருக்குத் துணை என்று பயணத்தின் தொடக்கத்தில் நான் போட்டு வைத்திருந்த கணக்கு அன்று இரவோடு அழிந்துவிட்டது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை உணவுக்குப் பின் எல்லோரும் சேர்ந்து கப்பலைச் சுத்தம் செய்ய வேண்டும், கழிப்பறை உட்பட. வாரத்தில் ஒரு நாள் சமையற்கட்டு முறை வரும், 50 பேருக்கு உருளைக்கிழங்கு உரித்துத் தட்டுக் கழுவ வேண்டும். சைவம் என்றால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், நன்றாகவே கவனித்தார்கள். படுக்கை ஒரு பெஞ்சு அகலம்தான், பக்கவாட்டில் உருண்டு விழாமல் துணி கட்டிக்கொள்ளலாம். தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், அதனால் கிடைக்கிற இடத்தில் தூங்கப் பழகிவிடுவீர்கள்.

ஆறாம் நாள் விரிகுடா ஒன்றில் நங்கூரம் போட்டிருந்தபோது, விருப்பப்பட்ட சக்கர நாற்காலிக்காரர் ஒருவரை நாற்காலியோடு சேர்த்துப் பாய்மர மேடைக்குத் தூக்கினோம். கப்பி வழியாகக் கயிறு, தளத்தில் நாங்கள் பத்துப் பேர். வேறொருவர் நாற்காலி வேண்டாமென்று, ஹார்னஸில் கயிறு மாட்டி, கையால் மட்டும் ஒவ்வொரு படியாக ஏறினார். 40 நிமிடம் ஆனது. அவர் ஒரு படி ஏறினால் நாங்கள் ஒரு படி அளவு கயிறு இழுத்து நிறுத்துவோம். அந்த 40 நிமிடமும் தளத்தில் யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றோம்.

இனி நீங்கள் போவதைப் பற்றி. லார்ட் நெல்சன் 2019-ல் ஓய்வுபெற்றது. 2000-ல் கடலில் இறங்கிய அதன் தங்கை, மரத்தாலேயே கட்டிய 'டெனேஷியஸ்', அதற்குப் பிறகும் ஓடியது, ஆனால் 2023 இறுதியில் அறக்கட்டளையே நிதி இல்லாமல் மூடப்பட்டது. இதை எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அந்த மாதிரிக் கப்பல் உலகத்தில் நிறைய இல்லை. ஆனால் அனுபவமே இல்லாதவர்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டு ஓடும் பாய்க்கப்பல்கள் ஐரோப்பாவில் இன்னும் இருக்கின்றன. நெதர்லாந்தின் 'யூரோப்பா' அதில் ஒன்று. 1911-ல் ஹாம்பர்க்கில் கலங்கரை விளக்குக் கப்பலாகக் கட்டப்பட்டு, பின்னாளில் பாய்க்கப்பலாக மாற்றப்பட்டது, அன்டார்க்டிகா வரை போகிறது. 2000-ல் கட்டிய 'ஸ்டாட் ஆம்ஸ்டர்டாம்' இன்னொன்று. நம் 'தரங்கிணி'யும் 'சுதர்சினி'யும் கடற்படைப் பயிற்சிக்கானவை, பொதுமக்கள் டிக்கெட் எடுத்துப் போக முடியாது. முதல் தடவை என்றால் நீண்ட பெருங்கடல் பயணம் வேண்டாம். இடையில் ஒரு துறைமுகமாவது வரும் ஒரு வாரப் பயணமாகப் பாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், வைக்க இடமிருக்காது, மடித்துச் சொருகக்கூடிய துணிப்பை போதும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, கம்பளி அல்லது செயற்கை நூல் துணி நல்லது. கோடையானாலும் நள்ளிரவு வாட்சுக்குக் குல்லாவும் கையுறையும் வேண்டும், நம் ஊர்க் குளிருக்குப் பழகியவர்களுக்கு இரட்டிப்பாக வேண்டும். வழுக்காத அடி உள்ள, கயிறு கட்டும் காலணி. சிவப்பு வெளிச்சம் உள்ள தலைவிளக்கு, ஏனென்றால் வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக இருபது நிமிடமாவது ஆகும், உங்களுக்கு மட்டுமில்லாமல் பக்கத்தில் நிற்பவர்களுக்கும். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், கயிற்றில் சிக்கினால் விரல் போகும். நீச்சல் தெரியாவிட்டால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மோசமான கடலில் எல்லோரும்தான் ஹார்னஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் எழுதித் தர மாட்டார்கள். நள்ளிரவு வாட்சுக்கு உங்களை எழுப்ப ஒருவர் வந்து திரையை விலக்கி, மழையா, குளிரா, எத்தனை சட்டை போட வேண்டும் என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவார். உடனே கால்களைக் கீழே போட்டு உட்காருங்கள், படுத்தபடி "சரி" என்று சொன்னால் மறுபடி தூங்கிவிடுவீர்கள். பன்னிரண்டுக்கு வாட்ச் என்றால் ஐந்து நிமிடம் முன்பே மேலே நில்லுங்கள். நீங்கள் வந்து இடத்தை வாங்கிக்கொள்ளும் வரை, நான்கு மணி நேரம் குளிரில் நின்றவர் கீழே போய்ப் படுக்க முடியாது.